இன்னைக்குப் பொறுங்க

செவந்தி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "இன்னைக்குப் பொறுங்க, நாளைக்குக் கேளுங்க" என்பார். சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டாலும் சரி, குவைத்தில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் பொங்கலுக்கு வருவாரா என்று கேட்டாலும் சரி, அதே பதில்தான். மறுநாள் கேட்டால் சரியான பதில் இருக்கும். இடையில் யாரிடமாவது போய் விசாரித்திருப்பார்.

கறம்பக்குடியில் நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். அதற்கு முன் பல தேசங்களில் வேலையும் சுற்றலுமாக இருந்தேன். கடைசியாக இருந்த ஊர்களில் எல்லாம் ஒரே பேச்சு: மனிதர் மாதிரி எழுதுகிற, பேசுகிற இந்தச் செயற்கை அறிவு நிலைக்குமா, இல்லை வந்த வேகத்தில் அடங்கிவிடுமா. ரயிலில் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள், கல்யாண விருந்தில் சண்டை போட்டார்கள். கறம்பக்குடிக்கு வந்து பார்த்தால் இங்கே அந்தக் கேள்வி பழசாகியிருந்தது. அது வந்து, ஆட்டம் போட்டு, அடங்கி, ஷட்டரும் இறக்கியாகிவிட்டது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

செவந்தி அக்கா குளத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர். புதுக்கோட்டையில் தாவரவியல் படித்தார். கல்யாணமாகி இங்கே வந்தபின் கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் பில் போட்டார். பூச்சி அரித்த இலையோடு வருகிறவர்கள் முதலாளியைத் தாண்டி இவரிடம்தான் காட்டுவார்கள். இலையைத் திருப்பிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் இலையை வாங்கி வைத்துக்கொண்டு "இன்னைக்குப் பொறுங்க." சாயங்காலம் அந்த இலையோடு வேளாண்மை ஆபீசர் வீட்டுக்கு நடப்பார்.

இந்தப் பேர் காதில் விழுந்துதான் கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். விவசாயிகள் போனில் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லும் ஒன்றை அவர்கள் செய்திருந்தார்கள். அதற்குப் பெயர் தோழி. ஒரு நம்பரைச் சேமித்துக்கொண்டால் போதும். எழுதியும் கேட்கலாம், பேசியும் அனுப்பலாம். திறப்பு விழாவுக்குப் பலூன் கட்டினார்கள், ட்ரோன் பறக்கவிட்டார்கள், வந்தவர்களுக்கெல்லாம் பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். அந்தத் தொப்பிகள் இன்றைக்கும் சோளக்கொல்லைப் பொம்மைகளின் தலையில் இருக்கின்றன.

ஆபீஸ் ஒரு டைலர் கடையின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்கத் தையல் மிஷின் ஓடும். மேலே செவந்தி அக்காவும் மேனேஜர் அரவிந்த்குமாரும். கேள்வி வந்ததும் கம்ப்யூட்டர் ஒரு பதில் எழுதிக் காட்டும். அக்கா அதைத் திருத்தி அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் எல்லாமே தப்பு. ஆட்டுக்குக் கழிச்சல் என்று ஒருவர் கேட்டதற்கு, ஓய்வெடுத்து இளநீர் குடியுங்கள் என்று அவருக்கே வைத்தியம் சொன்னது. நீங்கள் திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்ளும் என்றார் அரவிந்த்குமார். ஒரே ஒரு நிபந்தனை. மனுசி எழுதுகிறாள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. நீங்க மனுசியா என்று யாராவது கேட்டால், நான் தோழி என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஆனால் பழக்கம் எங்கே போகும்? தெரியாத கேள்விக்கு அக்கா "இன்னைக்குப் பொறுங்க, நாளைக்குக் கேளுங்க" என்றுதான் எழுதினார். ஒரே நாளில் ஒருவர் அதே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டால் மட்டும் பொறுக்கச் சொல்ல மாட்டார். பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும், மூணாவது தடவையும் கூப்பிட்டா அது மனுசன், கதவைத் திற என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். மூன்றாவது கேள்விக்கு அக்கா கதவைத் திறந்துவிடுவார். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவார்.

அதேபோல, பதில் வாங்கிக்கொண்டு போனவரிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லையென்றால் "இருக்கீங்களா?" என்று எழுதிக் கேட்பார். ரெண்டாவது தடவையும் கேட்பார். மூன்றாவது தடவை எழுத மாட்டார், திரையில் உள்ள பட்டனை அமுக்கிப் போனில் பேசிவிடுவார். மறுமுனையில் இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரே பேசுகிறது என்று நினைப்பு. கம்ப்யூட்டர் தையல் மிஷின் வேற ஓட்டுதாக்கும் என்று கேலி செய்தவர்களும் உண்டு.

பிறகு பணம் போட்டவர்கள் வேறு எதற்கோ போய்விட்டார்கள். பலகையைக் கழற்றினார்கள். அரவிந்த்குமார் சென்னைக்குப் போனார், டைலர் திருப்பூருக்குப் போனார், அக்கா உரக்கடைக்கே திரும்பினார். கம்பெனி கொடுத்த டேப்லெட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது பிரிட்ஜுக்கு மேல் தூசியோடு கிடந்தது.

இந்த ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார்.

"ரஞ்சனி, கொஞ்சம் இங்கிட்டு வாயேன்."

பழைய போட்டோ ஒன்றைத் தேடி டேப்லெட்டைச் சார்ஜ் போட்டிருக்கிறார். அது சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. திரையில் இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் பதில்கள்.

"இதப் படி."

கத்தரியில் காய்ப்புழு என்று யாரோ கேட்டிருந்தார்கள். "புழு விழுந்த காயெல்லாம் பறிச்சுக் குழியில போடுங்க. பேரன் பேத்திகள இறக்கிவிடுங்க, அதுகளுக்கும் வேலை வேணும்ல" என்று பதில் இருந்தது.

"நல்லாத்தானே எழுதியிருக்கீங்க," என்றேன்.

"நான் எழுதலை."

"பின்ன?"

"தேதியப் பாரு."

அன்றைய தேதி. அன்று காலை நேரம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கேள்வி வந்தது. தென்னையில் பிஞ்சுக் குரும்பை கொட்டுகிறது, என்ன செய்யலாம்? வலப்பக்கம் மூன்று புள்ளிகள் துடித்தன. அக்காவின் கைகள் மடியில் இருந்தன. "உப்பு வச்சீங்களா, இல்ல பக்கத்து வீட்டுக்காரர் வேணாம்னாருன்னு விட்டுட்டீங்களா," என்று அவர் முணுமுணுத்தார். அவர் முடிப்பதற்குள் அதே வரி, அதே கேலியோடு, திரையில் வந்து நின்றது.

"நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன். நான் அங்க பேசிக்கிட்டு இருக்கேன்," என்றார் அக்கா.

பதில் எழுதும் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் இருந்த அது அசையவில்லை. போன் பட்டனும் செத்துக் கிடந்தது. பார்க்க முடியும், குறுக்கே பேச முடியாது. திரையை மேலே தள்ளத் தள்ள ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: இன்னைக்குப் பொறுங்க, நாளைக்குக் கேளுங்க. கடலை விதைக்கலாமா? இன்னைக்குப் பொறுங்க. மாட்டுக்குச் சினை ஊசி போடலாமா? இன்னைக்குப் பொறுங்க.

"தெரியாதப்போ சொல்றதை நல்லாக் கத்துக்கிருச்சு," என்றார் அக்கா. "விசாரிக்கப் போறதைக் கத்துக்கலை."

இன்னும் மேலே போனால், "அடைக்கலம், இருக்கீங்களா?" அதற்குக் கீழே பதில் இல்லை. மறுபடியும், "அடைக்கலம், இருக்கீங்களா?"

"யாரு அடைக்கலம்?"

"வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தவர். பங்குனியில செத்துப்போனாரு. நான்தான் போய் மாலை போட்டுட்டு வந்தேன்." தேதி ஆவணி மாதத்தைக் காட்டியது.

அரவிந்த்குமாருக்குப் போன் போட்டோம்.

"அக்கா! நல்லாயிருக்கீங்களா? உரக்கடை வாசமெல்லாம் மூக்குல நிக்குது."

"தம்பி, தோழி இன்னும் பேசிக்கிட்டு இருக்கு."

சிரித்தார். "வாய்ப்பே இல்லக்கா. கம்பெனியே இல்லை, அது எப்படிப் பேசும்?"

அக்கா கத்தரிக்காய்ப் பதிலை வாசித்துக் காட்டினார். மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"இருந்ததை எல்லாம் மொத்தமா ஒருத்தருக்குக் கைமாத்தினோம்க்கா. அவங்க வேற யாருக்கோ குடுத்துட்டதாக் கேள்வி. இப்ப யாரு கையில இருக்குன்னு தெரியலை."

"நிறுத்தச் சொல்லுங்க."

"யார்கிட்டக்கா சொல்றது? நீங்க எழுதுனதை வச்சு எழுதத்தான் கத்துக் குடுத்தோம். வேற ஒண்ணும் அதுக்குத் தெரியாது. பயப்படாதீங்க."

"நான் போன்ல பேசுனதெல்லாம்?"

"பதிவாகி எங்கயாவது கெடக்கும். அதுக்குப் பேசல்லாம் வராதுக்கா."

போனை வைத்ததும் நான் சொன்னேன்: "வெளியில எல்லாரும் இது நிக்குமா நிக்காதான்னு அடிச்சுக்கிறாங்க அக்கா."

"கல்யாணக் கூட்டம் கலைஞ்சிரும்டி. வந்த மருமக வீட்டுலதானே இருப்பா?"

அப்படிச் சொல்லிக்கொண்டே திரையைத் தள்ளியவர் ஓர் இடத்தில் விரலை எடுத்துவிட்டார். கேட்டவர் பெரியகருப்பன், கறம்பக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். எல்லாம் அவர் மனைவி பேசி அனுப்பியவை போலிருந்தது, எழுத்தாகி வந்திருந்தன. "இவுகளுக்குக் கால்ல கருவேல முள்ளு ஏறிருச்சு. வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவா?" இன்னைக்குப் பொறுங்க, நாளைக்குக் கேளுங்க. மறுநாள் காலை, "சுகர் இருக்கு இவுகளுக்கு. விரலு கறுத்திருக்கு. போகவா?" இன்னைக்குப் பொறுங்க. அதற்கடுத்த நாள், நாற்றம் வருது. இன்னைக்குப் பொறுங்க. நாளுக்கு ஒரு தடவை, காலையில் மட்டும். கடைசிச் செய்தி சற்று முன் வந்தது: "இப்ப வலியே இல்லைங்கிறாக. போக வேணாம்ல?"

அதற்கும் பதில் வந்திருந்தது. அதே பதில்.

"வலி இல்லையாமே," என்றேன்.

"சுகர்காரருக்கு வலி இல்லைன்னா கால் சாகுதுன்னு அர்த்தம்," என்று அக்கா எழுந்தார். "நம்பர் என்கிட்ட கிடையாது. எல்லாம் அந்தப் பட்டன் வழியாத்தான் பேசுவேன். வண்டியை எடு."

ஸ்கூட்டரில் போனோம். மழைக்குப் பின் வழியெல்லாம் பச்சை. ஆனால் அந்த ஊரை நெருங்க நெருங்கப் பச்சைக்கு நடுவே வெறும் நிலங்கள் தெரிந்தன. உழுது, பரம்படித்துச் சமப்படுத்தி, விதை மட்டும் போடாத நிலங்கள். வாயில் பல் விழுந்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். வரப்பில் ஆட்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவசரமில்லை, பேச்சில்லை. வண்டிச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு சோளக்கொல்லைப் பொம்மை பச்சைத் தொப்பியோடு நின்றது.

"அது நம்மகிட்ட கேள்வி கேப்பாரே, அவரு நிலம்," என்றார் அக்கா பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் போய், "அதுவும்." என் தோளில் இருந்த கை இறுகியது.

பெரியகருப்பன் வீட்டு முன்கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், பெரிய மீசை. கால் வேட்டித் துணியால் சுற்றியிருந்தது. அந்த வாடை வாசலிலேயே தெரிந்தது. அவர் மனைவி மீனம்மாள் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்.

"யாரு, என்ன வேணும்?" என்றார் மீனம்மாள்.

"கறம்பக்குடிலருந்து வாரோம். அண்ணன் காலைப் பாக்கணும்."

"என் காலைப் பாக்க டவுன்லருந்து ஆளு வருதா!" பெரியகருப்பன் எழுந்து உட்கார்ந்தார். "மீனம்மா, பாத்தியா நம்ம மவுசை? நீங்க டாக்டரம்மாவா?"

"இல்லண்ணே. நான்தான் தோழி."

அவர் வெடித்துச் சிரித்தார். "தோழின்னா சின்னப் புள்ளையா இருக்கும்னுல்ல நெனச்சேன்!"

"நெனப்புத்தான் பொழப்பக் கெடுக்குது," என்றார் மீனம்மாள். ஆனால் அவர் கண்கள் அக்காவையே பார்த்தன. "பேச்சு அச்சு அசல் தோழி மாதிரியே இருக்கே. கம்ப்யூட்டர் மாதிரிப் பேசி ஏமாத்த ஆளுக திரியுறாகன்னு பேங்க்ல சொன்னாக. எங்கிட்டு கத்துக்கிட்டீங்க?"

அக்கா கட்டில் பக்கம் திரும்பினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, முந்தி நெல்லுல கதிர்நாவாப்பூச்சின்னு கேட்டீங்க. பதில் போட்டேன், ஒங்க சத்தத்தையே காணோம். போன் பண்ணேன். நீங்க இருமிக்கிட்டே பேசுனீங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும்ல?"

"தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சா?"

பெரியகருப்பனின் சிரிப்பு குறைந்தது. "கேட்டுச்சு. என்ன தாயி தச்சுக்கிட்டே பேசுறன்னு கேட்டேன்."

"சட்டைதான் அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணு தரவான்னு சொன்னேன். கீழ டைலர் கடை."

பெரியகருப்பன் மீசையைத் தடவினார்.

"சரி, நீங்களே தோழியா இருங்க. தோழிதான பொறுக்கச் சொல்லுச்சு? இப்ப நீங்க போகச் சொல்றீங்க. எந்தத் தோழி பேச்சைக் கேக்குறது?"

அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பொறுக்கச் சொன்ன தோழியை அவர் விடத் தயாராக இல்லை.

அக்கா மீனம்மாள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வீங்கியிருக்கே, ஏன் ஒரு நாளைக்கு ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க? திருப்பிக் கேக்கத் தோணலையா?"

மீனம்மாள் இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார். "உத்தரவு ஒரு தடவைதான கேப்பாக? குலசாமி கோயில்ல வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுக்கிறோம். நம்ம கேட்ட பூ வரலைன்னா அன்னைக்கே மறுக்கா போடுவாகளா? சாமிய அதட்டுன மாதிரி ஆயிராது? குளிச்சு, வெளக்கேத்தி, ஒரு தடவை கேப்பேன். பொறுங்கன்னா உத்தரவு இல்லை. மறுநாதான்."

"ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

"பின்ன? சொன்னது பலிச்சிருக்குல்ல. போன தடவ பொறுங்கன்னுச்சு, விதைச்சவுகளுக்கெல்லாம் அழுகிப்போச்சு. பொறுத்தவுக தப்பிச்சாக."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். வழியில் பார்த்த நிலங்கள், வரப்பில் குத்தவைத்திருந்த ஆட்கள், எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரே குளித்து விளக்கேற்றி, ஒரு தடவை கேட்டுவிட்டு, மறுநாளுக்காகக் காத்திருந்தது.

"அது உத்தரவு இல்லத்தா," என்றார் அக்கா. "எனக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருக்கலாம்ல?"

அக்கா குனிந்து பெரியகருப்பன் காலில் இருந்த துணியை விலக்கினார். கட்டைவிரலும் அடுத்த விரலும் கரியாக இருந்தன. கறுப்பு பாதத்தின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. பெரியகருப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டார். அக்கா விரலை அழுத்தினார். அவருக்கு உணர்வே இல்லை.

"என் பேச்சைக் கேக்க வேணாம். தோழி பேச்சையே கேளுங்க," என்றார் அக்கா. "காலையில கேட்டது ஒண்ணு. இப்ப மறுக்கா கேளுங்க. அப்புறம் இன்னொரு தடவை. மூணாவது தடவைக்கு அது பொறுக்கச் சொல்லாது."

"வேணாம்," என்றார் பெரியகருப்பன். "மீனம்மா, வேணாம். கோவிச்சுக்கிரும்."

மீனம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஊதுபத்தி முழுசும் எரிந்து சாம்பல் வளைந்து நின்றது. அவர் சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனை எடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசினார். "தாயி, தப்பா நெனைக்காத. இவுக காலு கறுப்பு ஏறுது. ஆஸ்பத்திரிக்குப் போகவா?"

இன்னைக்குப் பொறுங்க, நாளைக்குக் கேளுங்க.

நான் எழுத்தை வாசித்துச் சொன்னதும் மீனம்மாள் போனைத் தாழ்த்தினார். "போச்சு, போச்சு."

"கேளுத்தா," என்றார் அக்கா.

"தாயி..." மீனம்மாள் போனை இறுகப் பிடித்தார். "போகவா? சொல்லு தாயி, போகவா?"

மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. முற்றத்தில் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. நான் அந்த உதட்டைப் பார்ப்பதா திரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கிளம்புங்க. இப்பவே கிளம்புங்க. 108-க்குக் கூப்பிடுங்க. காலைத் தரையில ஊன விடாதீங்க. போயிட்டுச் சொல்லுங்க."

நான் வாசித்தேன். அக்காவும் சொல்லிக்கொண்டிருந்தார். என் குரலைவிட ஒரு சொல் முன்னால்.

பெரியகருப்பன் எங்களைப் பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "சரி. தோழி சொல்லிருச்சுல்ல," என்றார். "வேட்டிய எடு மீனம்மா. அழுக்கு வேட்டியோட போனா நர்ஸு மதிக்காது."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரெண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே இருந்திருக்காது என்றார் டாக்டர். மீனம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "தெரியலைன்னு சொல்லிப் பழகுங்க," என்றும் சொன்னார்.

மறுநாளே அக்கா அந்த ஊருக்குப் போய் வீடு வீடாகச் சொன்னார். சிலர் விதைத்தார்கள். சிலர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தோழியிடம் கேட்டார்கள், இந்த அம்மா சொல்வதைக் கேட்கலாமா என்று. என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதைத் தோழியிடம் யாரும் சொல்லவில்லை. போன் மீனம்மாளின் மஞ்சப்பையில் கிடந்தது. ஒருநாள் அதில் "இருக்கீங்களா?" என்று வந்தது.

"பதில் போட வேணாம்," என்றார் அக்கா.

அடுத்த நாள் நாங்கள் பார்க்கப் போனபோது மீனம்மாள் போனை நீட்டினார். ரெண்டாவது, "இருக்கீங்களா?"

"அவ்வளவுதான், இனி வராது," என்றார் அக்கா. "மூணாவது தடவை நான் எழுத மாட்டேன், போன்தான் பண்ணுவேன். அதுக்குப் போன் பண்ண வராது."

மத்தியான வெயில் வார்டு ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பார்வையாளர் நேரம் என்பதால் ஒரே சத்தம். பெரியகருப்பன் தெளிவாக இருந்தார். "இனி செருப்பு வாங்குனா ரெண்டு விரலுக்குக் கழிச்சுக்கச் சொல்லணும்," என்றார். மீனம்மாள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "நாக்கையும் சேத்து எடுக்கச் சொல்லியிருக்கணும்," என்றார்.

மஞ்சப்பைக்குள் போன் அடித்தது.

மீனம்மாள் எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சு மடியிலிருந்து உருண்டது. திரையில் தோழி என்ற பெயர்.

அவர் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீங்க இங்கிட்டு இருக்கீங்க. அங்கிட்டு யாரு?"

பெரியகருப்பன்தான் கையை நீட்டி வாங்கினார், பட்டனைத் தள்ளி ஸ்பீக்கரில் போட்டார். "அலோ?"

பேச்சு வரவில்லை. தூரத்தில் ஏதோ ஓடுகிற சத்தம். கடகடவென்று ஓடி, துணியைத் திருப்புகிற நேரம் நின்று, மறுபடி ஓடியது.

"தையல் மிஷின்," என்றார் பெரியகருப்பன். அவர் குரல் குழந்தைக் குரல் மாதிரி ஆகியிருந்தது.

அந்த டைலர் கடையை அன்று காலை பஸ்ஸுக்கு வரும்போதுதான் பார்த்தேன். ஷட்டரின் பூட்டில் துரு ஏறி, படியில் புல் முளைத்திருந்தது.

அக்கா போனை வாங்கினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். யாரு என்று கேட்பார் என்று நினைத்தேன். மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது; பொறுமையாக, யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல.

"இன்னைக்குப் பொறுங்க," என்றார் செவந்தி அக்கா. "நாளைக்குக் கேளுங்க."

மிஷின் நின்றது. நூல் அறுக்கும் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. அக்கா போனை அணைத்துப் படுக்கையில் கவிழ்த்து வைத்தார்.

பெரியகருப்பன் கேட்டார்: "நாளைக்குக் கேட்டா?"

அக்கா கீழே கிடந்த ஆரஞ்சை எடுத்து மீனம்மாள் கையில் கொடுத்தார். தோள்பையை மாட்டிக்கொண்டார்.

"அதுக்குள்ள யார்கிட்டயாச்சும் போய் விசாரிக்கணும்ணே," என்றார்.

வார்டு வாசல் வரை வேகமாக நடந்தவர் அங்கே நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.